வெட்டி எடுத்த கடைசிப் பக்கங்கள்

அரியலூர்க் கிளை லைப்ரரிச் சாவி பன்னிரண்டு வருஷம் என் இடுப்பில் இருந்தது. காலையில் போய்க் கதவைத் திறக்கணும், கூட்டணும், பானையில் தண்ணீர் நிரப்பணும், அலமாரி அலமாரியாகத் தூசி தட்டணும். சிமெண்ட் லாரி போகிற ரோட்டு மேலே கட்டடம். முந்தின நாள் சாயங்காலம் துடைத்து வைத்த புத்தகத்தின் மேல் மறுநாள் காலையில் வெள்ளையாக ஒரு படலம் இருக்கும். விரலால் எழுதினால் எழுத்து விழும்.

"கூட்டுற வேலதானே" என்று எங்கள் தெருவில் பேசினவர்கள் உண்டு. பேசட்டும். விக்கிரமங்கலத்துப் பக்கம் என் அப்பா அம்மா ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் குனிந்து நின்றவர்கள். எனக்கும் சொந்தமாக நிலம் நீச்சு எதுவும் கிடையாது. ஆனால் டவுனில் இருந்த அத்தனை புத்தகத்துக்கும் சாவி என்னிடம். தாசில்தாரே வந்தாலும் நான் திறந்தால்தான் உள்ளே போக முடியும். அந்தக் கர்வம் எனக்கு இருந்தது, இப்பவும் இருக்கிறது.

படிப்பு இரண்டாங்கிளாஸ். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பஸ் ஸ்டாண்டில் போர்டைப் படித்து முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும், அதனால் கண்டக்டரைக் கேட்டுத்தான் ஏறுவேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நடந்ததைச் சொல்ல இதையும் சொல்லியாக வேண்டும்.

எழுபதுகள் போய் எண்பது பிறந்த சமயம். என் மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். ஒரே பொண்ணு. இடது முழங்காலில் வலி என்றாள். பள்ளிக்கூடத்தில் விழுந்திருப்பாள் என்று நினைத்தோம். கட்டுப் போடுகிற வைத்தியரிடம் மூன்று கட்டுப் போட்டோம். வீக்கம் வடியவில்லை. ஏலாக்குறிச்சிக்குப் போய் மாதா கோயில் மண் கொண்டுவந்து பூசினோம். அதற்கும் வடியவில்லை. திருச்சியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடனே மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே தொடைக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

காலை எடுத்ததோடு முடியவில்லை. ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும். சிவப்பு மருந்து, பாட்டிலில் இருந்து சொட்டுச் சொட்டாக நரம்பில் இறங்கும். ஒவ்வொரு தடவைக்கும் ரயிலில் போய் ஒரு வாரம் தங்கணும். பெரிய டாக்டர் என்னையும் என் வீட்டுக்காரரையும் தனியாகக் கூப்பிட்டார். "இது கேன்சர். பொண்ணுகிட்ட சொல்லாதீங்க. மனசு விட்டுட்டா மருந்து வேலை செய்யாது" என்றார். நாங்கள் சொல்லவில்லை. எலும்பில் கட்டி என்று சொன்னோம். எங்கள் ஊரில் அந்தப் பேரை யாரும் வாயால் சொல்லவும் மாட்டார்கள். "அந்த வியாதி" என்பார்கள், அதையும் குரலை இறக்கித்தான் சொல்வார்கள்.

இரண்டு தடவை மருந்து ஏற்றியதும் தலைமுடி முழுக்கக் கொட்டிப்போனது. இடுப்புக்குக் கீழே தொங்கின முடி. ரத்தம் குறைந்திருக்கிறது, ஊருக்குப் போய் ஒரு மாசம் தேறிவிட்டு மூன்றாவதுக்கு வாங்க, அதற்கு மேல் தள்ளிப் போட்டால் இதுவரைக்கும் பண்ணினது வீணாகிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "இனிமே நான் மெட்ராசுக்கு வரமாட்டேன்."

அப்புறம் பேச்சே இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். கூடப் படித்த பொண்ணுகள் இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். போர்வைக்குக் கீழே கால் இல்லாத இடத்தையே அதுகள் பார்த்தன. அன்றைக்கு மதியம் சோறு அப்படியே இருந்தது.

என் வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்த்தவர். ரொம்பப் பேச மாட்டார். அவரும் ஒருநாள் பொறுக்க முடியாமல், "நாளு நெருங்குது. வரலன்னா தூக்கிட்டுப் போயி ரயில்ல ஏத்திடுவேன்" என்றார்.

"தூக்குங்கப்பா. ஒரு காலு கம்மி, வெயிட்டும் கம்மியாத்தான் இருக்கும்" என்றாள் சுவரைப் பார்த்தபடியே.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த வாரத்தில் ஒருநாள் கடையில் பஜ்ஜி வாங்கி வந்தேன். பஜ்ஜியைத் தொடவில்லை. ஆனால் சுற்றியிருந்த பேப்பரை நீவி நீவி எடுத்துப் படித்தாள். எண்ணெய் ஊறின பேப்பர், ஏதோ வாரப் பத்திரிகைக் கதை. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதோட மீதி எங்கம்மா?" என்று கேட்டாள். எட்டு நாளைக்குப் பிறகு என்னிடம் கேட்ட கேள்வி அது. மீதிக்கு நான் எங்கே போவேன்? கடைக்காரன் அதில் யாருக்கோ வடை கட்டிக் கொடுத்திருப்பான்.

மறுநாள் லைப்ரரி சாரிடம் போய் நின்றேன். பொடி போடுகிற மனுஷன், லேசில் சிரிக்க மாட்டார்.

"ஒரு கதப் புஸ்தகம் வேணும் சார், எம்பொண்ணுக்கு."

"உறுப்பினர் கார்டு இருக்கா?"

"சாவி இருக்குங்க சார்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். தன் கார்டில் எழுதி ஒரு புத்தகத்தைத் தள்ளினார்.

அந்தப் புத்தகம் ஒரே நாளில் முடிந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. படிக்கிற நேரம் சுவர்ப் பக்கம் திரும்ப மாட்டாள். வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் தலை வைத்துப் படுத்தாள். கஞ்சி குடித்தாள். "இந்தக் கதைல ஒரு மாமியா வரா பாரு, நம்ம எதுத்த வூட்டு அக்கா மாதிரியே" என்று ஒருதரம் சிரித்தாள். மாதா மண்ணுக்கு இல்லாத சக்தி இந்தக் காகிதத்துக்கு இருக்கிறது, மூன்றாவது ஊசிக்குக் கட்டாயம் வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவதோ ஆறாவதோ, ஒரு புத்தகம். மத்தியானம் படித்து முடித்தவள் அதை மூடித் தள்ளி வைத்துவிட்டு மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு சாரிடம் ஓடினேன்.

"இதுல என்னதான் சார் எழுதியிருக்கு?"

கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். "ஒரு சின்னப் பொண்ணு. இருமல் வந்து முடிவுல இறந்துபோயிடுறா. நல்ல எழுத்தும்மா."

"நல்ல எழுத்தா சார்?" என்றேன். அதற்கு மேல் பேசினால் அழுகை வந்துவிடும் என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். சாவு இருக்கிற புத்தகம் என் வீட்டுக்குள் வரக் கூடாது. ஆனால் அது எதில் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு புத்தகத்தை நான் முழுக்கப் படிக்க மூன்று மாசமாகும். சாரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. யோசித்துப் பார்த்தேன். கதை எழுதுகிறவர்கள் ஆளைக் கடைசியில்தானே சாகடிக்கிறார்கள். அப்படியென்றால் கடைசி நாலு பக்கத்தைப் படித்தால் போதும்.

காலையில் கூட்டி முடித்து, சார் வருவதற்குள், பின்பக்கத்து அலமாரி மறைவில் உட்கார்ந்து விரல் வைத்துக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். செத்தாள், இறந்தான், பிணம், சிதை. இந்த மாதிரி வார்த்தை எனக்குப் பழகிப்போய்விட்டது, தூரத்திலேயே தெரியும். இல்லாத புத்தகமாகப் பார்த்து எடுத்து வரலாம்தான். ஆனால் அந்தக் காலத்துக் கதைகளில் சாகாமல் முடிந்தது எத்தனை? தேடித் தேடி நேரமாகிவிடும். சாருடைய மேஜையில் பென்சில் சீவ ஒரு பாதி பிளேடு கிடக்கும். அதை எடுத்தேன். தையலை ஒட்டி மெதுவாக இழுத்தால் சத்தமே வராது.

புத்தகத்தைக் காக்கிற வேலையில் இருந்துகொண்டு புத்தகத்தை வெட்டினேன். தரையில் கிடக்கிற காகிதத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள் நான். அதனால் வெட்டின தாளை அடுப்பில் போட மனசு வரவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைப்பேன். அப்படி ஐந்து புத்தகம்.

அவள் படித்தாள். சாப்பிட்டாள். ஆனால் கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசிப் பக்கம் வந்ததும் புத்தகத்தின் உள்ளோரத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே ஒருதரம் தடவுவாள். அப்புறம் மூடி வைத்துவிடுவாள். நான் அதைக் கவனிக்காத மாதிரி அரிசி புடைப்பேன்.

வெள்ளிக்கிழமை லைப்ரரி லீவு. டாக்டர் சொன்ன கெடுவுக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே சமையல் பண்ணி முடித்துத் திரும்பினால், அவள் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். ஐந்து புத்தகத்தையும் வரிசையாகக் கடைசியில் விரித்து வைத்திருந்தாள்.

"இதெல்லாம் யாரு வேல?"

"பழைய புஸ்தகம்டி. பூச்சி அரிச்சிருக்கும்."

"பூச்சி பிளேடு வச்சுக்கிட்டா அலையுது?"

என் ஆயுசில் யாரிடமும் பொய் சொல்லி மாட்டிக்கொண்டது கிடையாது. பெற்ற பொண்ணிடம் மாட்டிக்கொண்டு நின்றேன்.

"வெட்டுனதுல எல்லாம் யாராவது செத்துப் போறாங்களா?"

தலையை ஆட்டினேன்.

"வெட்டாம இருந்தா, கதைல யாரோ செத்தாங்கன்னு போயிருப்பேம்மா. நீ வெட்டப்போயிதான் எனக்காக வெட்டியிருக்கன்னு புரிஞ்சுச்சு."

"அந்தத் தாளெல்லாம் எங்க? எரிச்சிட்டியா?" என்று கேட்டாள்.

பெட்டியைத் திறந்து எடுத்து வந்தேன். பத்துப் பன்னிரண்டு தாள் இருக்கும், எல்லாம் கலந்து கிடந்தது. எது எந்தப் புத்தகத்தோடது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் ஒவ்வொன்றாக எடுத்து, இது பொடி எழுத்து, இது மஞ்சள் தாள் என்று பார்த்துப் பார்த்து ஐந்து பங்காகப் பிரித்தாள். கை சுறுசுறுப்பாக ஓடியது. பிரித்து முடித்ததும் ஒரு பங்கை என்னிடம் நீட்டினாள்.

"நீயே படி."

"நானா?"

"வெட்டத் தெரிஞ்சுதுல்ல?"

உட்கார்ந்தேன். விரல் வைத்து ஆரம்பித்தேன். ஒரு வரிக்கு ஒரு வெற்றிலை போட்டுத் துப்பிவிடலாம், அத்தனை நேரம் ஆனது. அவள் அவசரப்படுத்தவில்லை. செத்தாள் என்கிற வார்த்தைக்கு முன்னால் வந்ததும் நாக்கு எழும்பவில்லை.

"ஏன் நிறுத்துற?"

"முடியலடி சாமி."

"எனக்கு முடியுது. படிம்மா."

படித்தேன். அந்தக் கதையில் ஒரு தாய் சாகிறாள், பொண்ணு இல்லை. அதுகூட எனக்குத் தெரியாமல்தான் வெட்டியிருக்கிறேன். படித்து முடித்தபோது இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். ஓட்டு மேலே காக்கா நடக்கிற சத்தம் கேட்டது. வேறு ஒன்றும் ஆகவில்லை.

"எனக்கு என்ன வியாதிம்மா?"

எலும்பில் கட்டி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. எதிரே அந்தத் தாள்கள் கிடந்தன. "கேன்சர்" என்றேன். எங்கள் வீட்டுக்குள் அந்த வார்த்தை சத்தமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "கேன்சர் வார்டுன்னு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் வாசல்லயே போர்டு மாட்டியிருக்கான். உள்ள போறதுக்குள்ள போர்டப் படிக்க முடியாதவ நீதாம்மா. நான் மொத நாளே படிச்சுட்டேன்."

அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"தெரிஞ்சுமா இத்தன நாளு..."

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுமில்லாத மாதிரியே இருந்தீங்க. சரின்னு நானும் இருந்தேன்."

"அப்ப ஊசிக்குப் பயந்தா வரமாட்டேன்ன?"

"ஊசிய யாரு சொன்னா? ரயில்ல அவ்ளோ நேரம் உங்க ரெண்டு பேரு மூஞ்சியப் பாத்துக்கிட்டே வரணும்ல. அப்பா சன்னல் பக்கம் திரும்பிக் கண்ணத் தொடைப்பாரு. நீ முறுக்குத் தின்னுறியா முறுக்குத் தின்னுறியான்னு கேப்ப. அதத்தாம்மா என்னால தாங்க முடியல."

நான் அவள் தலையைத் தடவினேன். முடியில்லாத தலை, வெதுவெதுப்பாக இருந்தது. அவள் கையைத் தட்டிவிடவில்லை.

"இனிமே மறைக்க மாட்டேன்" என்றேன்.

"அப்ப வாரேன். ஆனா புஸ்தகம் எடுத்துட்டு வரணும். வாலோட எடுத்துட்டு வரணும்."

மைதா மாவில் பசை காய்ச்சினேன். இரண்டு பேரும் உட்கார்ந்து தாள் தாளாக ஒட்டினோம். என் வீட்டுக்காரர் குவாரியிலிருந்து வந்து வாசலில் நின்று பார்த்தார். அவள், "அப்பா, எனக்குக் கேன்சராம். அம்மா இப்பத்தான் சொல்லுச்சு. நாலு நாள்ல மெட்ராசுக்குப் போவணும், லீவு சொல்லிடுங்க" என்றாள். அவர் வாசல்படியிலேயே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நெடுநேரம் அழுதார். அந்த அழுகையை அவள் எதிரே உட்கார்ந்து அழ முடிந்ததே என்று பின்னால் பல தடவை சொல்லியிருக்கிறார்.

மறுநாள் ஐந்து புத்தகத்தையும் சாருடைய மேஜையில் வைத்தேன். "வெட்டுனது நான்தான் சார். ஒட்டுனதும் நான்தான். வேலைய விட்டு எடுக்கறதுன்னா எடுத்துடுங்க" என்று சாவியை அவிழ்த்துப் பக்கத்தில் வைத்தேன். காரணத்தையும் சொன்னேன். ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இதுல ஒரு தாளு தலகீழா இருக்கு."

"அது எம்பொண்ணு ஒட்டுனது சார். இருக்கட்டும்."

பிளேடை எடுத்து டிராயரில் போட்டுப் பூட்டினார். சாவியை என் பக்கம் தள்ளினார். மெட்ராசுக்குக் கொண்டுபோக மூன்று புத்தகம் தன் கார்டிலேயே எழுதிக் கொடுத்தார்.

வார்டில் அவள் வயசுப் பொண்ணுகள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். மருந்து இறங்குகிற நேரம் புத்தகத்தைக் கையில் பிடிக்க முடியாது, நான்தான் படிக்கணும் என்று கண்டிஷன். நான் ஒரு வார்த்தையைக் கூட்டி முடிப்பதற்குள் பக்கத்துக் கட்டில்களில் இருந்து மூன்று விதமாகச் சொல்லிவிடுவார்கள். யார் சொன்னது சரி என்று பந்தயம் வேறு. லப்பைக்குடிக்காட்டுப் பொண்ணு ஒன்று, பதினாலு வயசு. அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, சவூதியில் வேலை. "பெரியம்மா, நீங்க இந்தப் பக்கத்த முடிக்கறதுக்குள்ள எங்கத்தா ஃப்ளைட் புடிச்சு வந்துடுவாங்க" என்று சொல்லி வாந்தியெடுத்த வாயோடு சிரிக்கும். கதையில் சாவு வந்தால் நான் நிறுத்தினதில்லை. அந்த இடத்தில் எல்லாக் கட்டிலும் கம்மென்று இருக்கும். அப்புறம் ஒரு பொண்ணு எதையாவது கேட்கும். வலிக்குமா, அம்மா என்ன பண்ணுவாங்க, இந்த மாதிரி. டாக்டரிடம் கேட்காததையெல்லாம் கதையை வைத்துக் கேட்டன அந்தப் பிள்ளைகள்.

பாக்கி நாலு தடவையும் அவள் வந்தாள். ஒரு தடவைகூட முரண்டு பிடிக்கவில்லை.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் நன்றாக இருந்தாள். முடி சுருட்டையாக முளைத்தது. கக்கத்தில் கட்டை வைத்து நடந்து என்னோடு காலையில் லைப்ரரிக்கு வருவாள். நான் தூசி தட்ட, அவள் உட்கார்ந்து கிழிந்த புத்தக முதுகுகளுக்குக் காகிதம் ஒட்டுவாள். வருகிறவர்களுக்கு எந்த அலமாரியில் எது என்று சாரைவிட முந்திச் சொல்வாள்.

அப்புறம் இருமல் வந்தது. இந்தத் தடவை டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டபோது, "என்கிட்டயே சொல்லுங்க சார்" என்றாள். அவரும் சொன்னார். நுரையீரலுக்குப் போய்விட்டது, இனிமேல் ஊசி இல்லை. வரும்போது ரயிலில் யாரும் நடிக்கவில்லை. முறுக்கு அவளே கேட்டு வாங்கித் தின்றாள்.

சாருடைய சம்சாரம் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்துப் பைண்டு பண்ணின புத்தகம் ஒன்று கொடுத்துவிட்டார்கள். செங்கல் கனம். நடுநடுவே சிரிப்புத் துணுக்கு, தைல விளம்பரம், எல்லாம் அப்படியே இருக்கும். வாசல் பக்கம் தலை வைத்து அவள் படுத்திருக்க, நான் படிப்பேன்.

"விளம்பரத்தையும் படி."

"அது எதுக்குடி?"

"படிம்மா. உன் வேகத்துக்கு இது முடிய ஒரு வருஷம் ஆவும்."

"ஆவட்டும்."

"ஆவட்டும்னுதான் சொல்றேன்" என்றாள்.

படிக்கப் படிக்க எனக்கு வேகம் வந்துவிட்டது. அது தெரிந்து, வேண்டுமென்றே எழுத்துக் கூட்டிப் படித்தேன். அவளுக்கும் அது தெரியும்.

ஒரு மாசிமாதக் காலையில், கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. அவள் கை என் மடியில் இருந்தது. இன்னும் நாற்பது பக்கம் பாக்கி.

புத்தகத்தைச் சார் கேட்கவில்லை. நானும் தொடவில்லை. வருஷத் திதி முடிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை எடுத்து, அந்த நாற்பது பக்கத்தையும் சத்தமாகப் படித்தேன். விளம்பரத்தையும் விடவில்லை. முடிவில் யாரும் சாகவில்லை. சண்டை போட்டுப் பிரிந்த இரண்டு குடும்பம் ஒரு கல்யாணத்தில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறது, அவ்வளவுதான். கேட்டிருந்தால், "சே, இதுக்கா இத்தன பக்கம்" என்றிருப்பாள்.

ஒட்டின ஐந்து புத்தகமும் நான் வேலையை விடுகிற வரைக்கும் அலமாரியில் இருந்தன. பசை காய்ந்து கடைசிப் பக்கங்கள் தடித்துப் போயிருக்கும், மூடினாலும் சரியாக மூடாது. பேரைப் படிக்க வேண்டாம். தூசி தட்டும்போது கை பட்டாலே எனக்குத் தெரிந்துவிடும்.